எல்லையும் அச்சமும்: ஜனதா காலனி முதல் தாராவி வரை, அமைப்புகளை வகைப்படுத்துதல் குறித்து

1

1960களின் பிற்பகுதியில் ஒருநாள், பம்பாயின் கிழக்கே, செம்பூரைத் தாண்டி டிராம்பேயை ஒட்டியிருந்த ஜனதா காலனியின் சிறுவர் சிறுமியர் பெருந்திரளாகக் கிளம்பினர். உல்லாசப் பயணம்போலத் தொடங்கிய அந்த ஊர்வலத்தில் ஒவ்வொருவர் கையிலும் செய்தித்தாளில் மடித்த குப்பைப் பொட்டலம் ஒன்று இருந்தது. காலனியின் குப்பையை மாநகராட்சி அள்ளுவதில்லை. ஆகவே குப்பை மாநகராட்சியைத் தேடிச் சென்றது. பொட்டலங்கள் அனைத்தும் அலுவலக வாசலில் குவிந்தன. அவர்களைத் திரட்டியவர், கோலார் தங்கவயலின் தமிழ்க் குடும்பமொன்றில் பிறந்து, பிழைப்புத் தேடி பம்பாய்க்கு வந்து, தச்சுவேலை செய்துகொண்டிருந்த ஜோக்கின் அற்புதம் என்னும் இளைஞர்.

அன்று காலை அங்கே இயங்கியது எத்தகைய அமைப்பு? அதற்குப் பதிவெண் இல்லை. விதித்தொகுப்பு இல்லை. தலைவர், செயலாளர், பொருளாளர் என்னும் பதவிகளும் இல்லை. எனினும் அதற்கு நோக்கம் இருந்தது, வேலைப்பங்கீடு இருந்தது, தொடக்கமும் முடிவும் இருந்தன. காவல்துறையின் கண்ணுக்கு அது ஒரு கூட்டம். கலந்துகொண்டோரைக் கேட்டாலும் 'கூட்டம்' என்றே சொல்லியிருப்பர். கலைக்கப்பட வேண்டிய கும்பலையும் கூடிப் பேசும் அவையையும் தமிழ் இந்த ஒரே சொல்லால் குறிக்கிறது. எது எது என்பதை முடிவு செய்பவர் யார் என்னும் கேள்வி அந்தச் சொல்லுக்குள்ளேயே உறைந்து கிடக்கிறது.

அமைப்புகளை வகைப்படுத்தும் துறையின் வரலாற்றில் இக்கேள்வி மீண்டும் மீண்டும் எழுந்திருக்கிறது. ஜனதா காலனியில் தொடங்கித் தாராவி வரை நீளும் அரை நூற்றாண்டு வரலாறு அதற்கு ஒரு விடையையும் வைத்திருக்கிறது.

2

அமைப்புகளை வகைப்படுத்தும் நவீன முயற்சியில் முன்னோடியாகக் கருதப்படுபவர் மாக்ஸ் வெபர். அவர் மறைந்தபின் 1922இல் வெளிவந்த 'பொருளாதாரமும் சமூகமும்' என்னும் பெருநூலில், அதிகாரவர்க்க அமைப்பின் கூறுகளை அவர் தொகுத்திருந்தார்: படிநிலை, எழுதப்பட்ட விதிகள், கோப்புகள், பதவிக்கும் மனிதருக்கும் இடையிலான பிரிவு. இவ்வகைப்பாடு ஓர் அமைப்பை உள்ளிருந்து நோக்குவது. வெளியுலகம் அதில் பின்னணியாக மட்டுமே நிற்கும்.

முறைமைக் கோட்பாடு இப்பார்வையைத் திருப்பியது. உயிரியலாளர் லுட்விக் ஃபான் பெர்டலான்ஃபி, உயிருள்ளவை அனைத்தும் திறந்த முறைமைகள் என்றார். சூழலிலிருந்து பொருளும் ஆற்றலும் பெற்று, உள்ளே மாற்றி, வெளியே அனுப்பி, அந்தப் பரிமாற்றத்தினாலேயே அவை நிலைத்திருக்கின்றன. இக்கருத்தை மனிதர் கூடிச் செய்யும் தொழில்களுக்குப் பொருத்தியபோது, அமைப்பின் உள்விதிகளுக்கு நிகராக அதன் எல்லையும் ஆய்வுப்பொருளாயிற்று. எது உள்ளே வருகிறது, எது வெளியே போகிறது, எல்லையில் யார் காவல் நிற்கிறார் என்னும் கேள்விகள் முன்னுக்கு வந்தன.

மற்றொரு திசையிலிருந்து உளவியல் வந்தது. இரண்டாம் உலகப்போரில் மனநலம் குன்றிய படைவீரர்களைக் குழுக்களாக வைத்துச் சிகிச்சையளித்த வில்ஃபிரட் பயான், எந்தக் குழுவும் ஒரே நேரத்தில் இரண்டு தளங்களில் இயங்குகிறது என்று கண்டார். ஒரு தளத்தில் அது தன் பணியைச் செய்கிறது. மற்றொரு தளத்தில், தன்னையறியாமலே, ஏதோவொரு அடிப்படை எண்ணத்தின் பிடியில் நடந்துகொள்கிறது. தன்னைக் காக்க ஒரு தலைவர் இருக்கிறார் என்று சார்ந்து கிடப்பது ஒரு வகை. பகைவனை எதிர்த்துப் போரிடவோ தப்பியோடவோ வேண்டும் என்று கொதிப்பது இன்னொரு வகை. இருவர் இணைந்து எதிர்கால மீட்பைப் பெற்றுத் தருவர் என்று காத்திருப்பது மூன்றாவது. பயானின் 'குழுக்களில் அனுபவங்கள்' 1961இல் நூலாயிற்று.

அவர் கருத்தின் வழிவந்த இசபெல் மென்சீஸ், லண்டன் மருத்துவமனை ஒன்றின் செவிலியரை ஆராய்ந்து 1960இல் எழுதிய கட்டுரை, இவ்விரு திசைகளும் சந்திக்கும் இடம். நோயாளியைப் பெயர் சொல்லாமல் படுக்கை எண்ணாலும் நோயாலும் குறிப்பது, வேலையைச் சிறு சிறு பட்டியல்களாக உடைப்பது, எந்த முடிவையும் மேலதிகாரிக்குத் தள்ளிவிடுவது ஆகியவை திறமைக்காக ஏற்பட்டவை என்று அனைவரும் நம்பினர். சாவையும் வேதனையையும் நாள்தோறும் நெருங்கிப் பார்ப்பதால் எழும் அச்சத்திலிருந்து செவிலியரைக் காக்கும் கவசங்கள் அவை என்று மென்சீஸ் காட்டினார். அக்கவசம் நோயாளியையும் செவிலியரையும் ஒருங்கே வருத்தியது என்பதும் அவரது முடிவு. அலுவலக நடைமுறை என்று நாம் அழைப்பதன் ஒரு பகுதி, உறைந்துபோன அச்சமே என்பது இதன் பொருள்.

1960களில் வகைப்பாடுகள் பெருகின. அமித்தாய் எட்சியோனி, மக்கள் ஏன் கீழ்ப்படிகிறார்கள் என்பதைக் கொண்டு, வற்புறுத்தலால் இயங்குபவை, கூலியால் இயங்குபவை, நம்பிக்கையால் இயங்குபவை என்று மூன்றாகப் பிரித்தார். டாம் பர்ன்ஸும் ஜி. எம். ஸ்டாக்கரும் எந்திரத்தன்மை கொண்டவை, உயிர்த்தன்மை கொண்டவை என்று இரண்டாகப் பிரித்தனர். டேனியல் காட்ஸும் ராபர்ட் கானும் 1966இல் வெளியிட்ட 'அமைப்புகளின் சமூக உளவியல்' நூலில், சமுதாயத்திற்கு ஓர் அமைப்பு ஆற்றும் பணியை அளவுகோலாக்கினர். பொருளை உண்டாக்குபவை, மனிதரைப் பழக்கிப் பேணுபவை, புதிய அறிவால் தகவமைப்பவை, ஆள்வதும் ஒருங்கிணைப்பதுமான அரசியல் அமைப்புகள் என அவர்களது வகைகள் நான்கு.

1969இல் கார்ல் வைக் இப்பெயர்ச்சொற்கள்மீதே ஐயம் கொண்டார். அமைப்பு என்பதொன்று நிற்பதாக எண்ணாமல், அமைத்தல் என்னும் செயலை நோக்க வேண்டும் என்றார். ஆங்கிலத்துக்கு அவர் வலியுறுத்திச் சொல்ல வேண்டியிருந்ததைத் தமிழ்ச்சொல் தன் உருவிலேயே சுமக்கிறது. 'அமை' என்னும் வினையடியில் பிறந்த தொழிற்பெயரே அமைப்பு. சொல்லின் வினை வழக்கில் தேய்ந்து, கட்டடமும் பெயர்ப்பலகையும் மட்டும் நம் கண்ணில் எஞ்சுகின்றன.

3

இக்கோட்பாடுகளின் பிறப்பில் இந்தியாவுக்கும் பங்கு உண்டு. லண்டனின் டேவிஸ்டாக் நிறுவனத்தைச் சேர்ந்த ஏ. கே. ரைஸ், 1953இல் அகமதாபாத்தின் கேலிகோ ஆலையில் தானியங்கித் தறிக்கூடமொன்றை ஆராய்ந்தார். புதிய தறிகள் வந்தும் உற்பத்தி எதிர்பார்த்தபடி உயரவில்லை. ஒவ்வொரு தொழிலாளியும் ஒரு துண்டு வேலையைச் செய்தார். ஒருவர் நூல் இழையை முடிந்தார், ஒருவர் எண்ணெயிட்டார், ஒருவர் கழிவைக் கூட்டினார். யார் யாருடன் சேர்ந்து எந்தத் தறிக்குப் பொறுப்பு என்பது எவருக்கும் தெளிவாக இல்லை. குறிப்பிட்ட தறிகளுக்கு ஒரு சிறு குழு முழுப்பொறுப்பேற்கலாம் என்று ரைஸ் முன்வைத்தார். தொழிலாளர் அதனைத் தம் யோசனையாகவே எடுத்துக்கொண்டு, குழுக்களைத் தாமே அமைத்துக்கொண்டனர். உற்பத்தித்திறன் உயர்ந்தது, பழுதான துணி குறைந்தது.

இதற்குப் பின்கதை ஒன்று உண்டு. ஏறத்தாழ 17 ஆண்டுகள் கழித்து எரிக் மில்லர் அதே ஆலைக்கு மீண்டும் சென்று பார்த்தார். அவரது கட்டுரை 1975இல் வெளியாயிற்று. ஓரிடத்தில் குழுமுறை பெரிதும் நிலைத்திருந்தது. தானியங்கித் தறிக்கூடத்தில் அது படிப்படியாகக் கரைந்து, பழைய முறைக்குத் திரும்பியிருந்தது. உள்ளமைப்பில் யாரும் வேண்டுமென்றே மாற்றம் செய்யவில்லை. வெளியிலிருந்து வந்த அழுத்தங்களைத் தாங்கும் எல்லை தளர்ந்ததும், உள்ளே குழுவும் தளர்ந்தது. அமைப்பின் வகை அதன் வரைபடத்தில் இல்லை, அதற்கும் சூழலுக்கும் இடையே நாள்தோறும் நடக்கும் பேரத்தில் இருக்கிறது என்பதே மில்லரின் கட்டுரை விட்டுச்செல்லும் பாடம்.

அந்த ஆலையில் சோதனைக்கு இடமளித்தவர் கௌதம் சாராபாய். அவர் தம்பி விக்ரம் சாராபாய் 1966 முதல் 1971 வரை அணுசக்தி ஆணையத்தின் தலைவராக இருந்தார். அதே ஆணையத்தின் கீழிருந்த டிராம்பே அணு ஆராய்ச்சி மையத்தின் விரிவாக்கத்திற்குத்தான் ஜனதா காலனியின் நிலம் வேண்டப்பட்டது. இதனைத் தனிமனிதர்மீதான குறையாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆயினும் ஒரு காலகட்டத்தின் அறிவு எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பதை இது காட்டுகிறது. ஆலை வாயிலுக்குள் இருந்த எளிய மனிதரைத் தம்மைத் தாமே ஒழுங்குபடுத்திக்கொள்ளும் குழுவாகக் காண அந்த அறிவு கற்றிருந்தது. வாயிலுக்கு வெளியே வாழ்ந்தவர்கள் அதன் கண்ணில் ஆக்கிரமிப்பாக மட்டுமே பட்டனர்.

4

காட்ஸ், கான் வகுத்த நான்கு வகைகளை மும்பை வரைபடத்தில் வைத்துப் பார்த்தால் முதலில் எல்லாம் பொருந்துவதுபோலவே தோன்றும். தாராவியின் தோல் பதனிடும் கூடங்களும் கும்பர்வாடாவின் மண்பாண்டச் சூளைகளும் பொருளை உண்டாக்குபவை. மாட்டுங்காவில் 1932இல் தோன்றிய தென்னிந்தியக் கல்விச் சங்கமும் அப்பகுதியின் பஜனை சமாஜங்களும் மனிதரைப் பழக்கிப் பேணுபவை. டிராம்பேயின் ஆராய்ச்சி மையம் புதிய அறிவால் தகவமைக்கும் வகையைச் சேர்ந்தது. மாநகராட்சி ஆளும் வகை.

மாட்டுங்காவுக்கும் தாராவிக்கும் இடையே ஒரு ரயில்பாதையும் சில தெருக்களுமே உண்டு. இரண்டிலும் தமிழர் சங்கம் வைத்தனர். மாட்டுங்காவுக்குத் தமிழர் பெரும்பாலும் எழுத்தராகவும் தட்டச்சராகவும் கணக்கராகவும் வந்தனர். அவர்கள் நிறுவிய சங்கம் பதிவு பெற்றது, நிமிடக்குறிப்பு எழுதியது, கட்டடம் எழுப்பியது. அலுவலக நடைமுறை அவர்களுக்கு அன்றாடப் பழக்கமாதலால், அவர்களது சங்கமும் அலுவலகத்தின் சாயலில் அமைந்தது. சூழலுக்கும் அதற்கும் இடையிலான எல்லை தெளிவானது. அரசு அதனை மதித்தது.

தாராவிக்குத் திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்தோர் தோல் கூடங்களிலும் கூலிவேலைகளிலும் சேர்ந்தனர். அவர்களுக்குள் பலர் தாழ்த்தப்பட்ட சாதியினர். ஊர்ப்பெயரால் அவர்கள் அமைத்த சங்கம் வேலை தேடித் தந்தது, புதிதாக வந்தவருக்குப் படுக்க இடம் தந்தது, சீட்டுப் பிடித்தது, வழக்குத் தீர்த்தது, சாவுக்குச் செலவு செய்தது, கோயில் கொடை நடத்தியது. பொருள், பேணல், அறிவு, ஆட்சி ஆகிய நான்கும் ஒரே பத்துக்குப் பத்து அறையில் நிகழ்ந்தன.

வகைப்பாடு இங்கேதான் தடுமாறுகிறது. தாராவியின் ஊர்ச்சங்கத்தை 'வளர்ச்சியடையாத' அமைப்பு என்று ஒதுக்கினால், நான்கு வகைகளும் தனித்தனியே நிற்கும் சமுதாயத்தையே இயல்பெனக் கொண்டவர்களாவோம். அவ்வாறு தனித்தனியே நிற்பதற்குப் பட்டா வேண்டும். குழாய்த் தண்ணீர் வேண்டும். நாளையும் இதே இடத்தில் இருப்போம் என்னும் உறுதி வேண்டும். அவை இல்லாத இடத்தில் ஓர் அமைப்பு எல்லாமாகவும் இருந்தாக வேண்டும்.

5

ஜனதா காலனி தானாக முளைத்த சேரியன்று. நகரின் பிற பகுதிகளிலிருந்து அகற்றப்பட்டவர்களை மாநகராட்சியே அந்தச் சதுப்பில் கொண்டுவந்து குடியமர்த்தியது. நிலத்தை நிரப்பி, வீடு கட்டி, வாழத் தொடங்கியபின், 1967இல் அணு ஆராய்ச்சி மையத்திற்காக அவர்கள் வெளியேற வேண்டும் என்னும் பேச்சு எழுந்தது. அதன்பின் சுமார் பத்து ஆண்டுகள் காலனி இயங்கிய முறை, பயான் விவரித்த இரண்டாம் வகைக்கு மிக அருகில் நிற்கிறது. எதிரி தெளிவாக இருந்தது. ஊர்வலம், மறியல், நீதிமன்றம், டில்லிவரை சென்ற முறையீடு என ஒவ்வொன்றும் எதிரியின் அசைவுக்கு எதிரசைவு. ஜோக்கின் அற்புதம் பலமுறை கைதானார்.

போரிடும் எண்ணத்தின் பிடியிலுள்ள குழுவுக்குப் பெரும் ஆற்றல் உண்டு. அது கேள்வியின்றித் திரளும், களைப்பறியாது, பல மொழி பேசுவோரையும் பல மதத்தினரையும் ஒன்றாக்கும். ஆனால் அதன் காலக்கணக்கை எதிரியே வைத்திருப்பான். நோட்டீசு வந்தால் விழிக்கும். தடையாணை கிடைத்தால் உறங்கும். நினைவில் சேமிக்க அதற்கு நேரமில்லை.

1976 ஜனவரியில் மகாராஷ்டிர அரசு பம்பாயின் குடிசைகளைக் கணக்கெடுத்து, புகைப்பட அட்டைகளை வழங்கத் தொடங்கியது. அதே ஆண்டில், நெருக்கடிநிலை நடைமுறையில் இருந்தபோது, ஜனதா காலனி இடித்துத் தள்ளப்பட்டது. சுமார் 70,000 மக்கள் சற்றுத் தொலைவிலிருந்த சீட்டா கேம்ப்புக்கு அனுப்பப்பட்டனர். ஊர்வலத்திற்கும் வழக்கிற்கும் இடமளித்த சூழலே நெருக்கடிநிலையில் இல்லாது போயிற்று. எதிரசைவால் மட்டும் இயங்கிய அமைப்புக்கு அசைய இடமில்லாமற் போனது.

தோல்வி முழுமையானதன்று. 1970களின் நடுவில் ஜோக்கின் அற்புதத்தின் முயற்சியில் தேசியக் குடிசைவாழ்வோர் கூட்டமைப்பு உருவாகியிருந்தது. ஒரு காலனியின் எல்லை உடைந்தபோதும் பல காலனிகளை இணைத்த எல்லை எஞ்சியது. எனினும் அக்கூட்டமைப்பு பத்தாண்டுக் காலம் ஒரு கேள்வியைச் சுமந்தது: இடிப்பு வருமுன் ஓர் அமைப்பு என்ன செய்துகொண்டிருக்க வேண்டும்?

6

விடை வந்த திசை எதிர்பாராதது. 1984இல் ஷீலா பட்டேலும் உடன் பணியாற்றியோரும் 'ஸ்பார்க்' என்னும் தொண்டு நிறுவனத்தைத் தொடங்கி, பைகுல்லாவின் நடைபாதைகளில் வாழ்ந்த பெண்களுடன் பணியாற்றினர். 1985 ஜூலையில் ஓல்கா டெல்லிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாழ்வதற்கான உரிமையில் வாழ்வாதார உரிமையும் அடங்கும் என்று அது ஏற்றது. எனினும் முறையான அறிவிப்புக்குப் பிறகு நடைபாதைக் குடிசைகளை அகற்றலாம் என்றும் கூறியது. அச்சம் மீண்டும் நகரைக் கவ்வியது. இம்முறை அந்தப் பெண்கள் செய்தது ஊர்வலமன்று, கணக்கெடுப்பு. சுமார் 6,000 நடைபாதைக் குடும்பங்கள் அதில் பதிவாயின. 'கண்ணுக்குப் புலப்படாத நாங்கள்' என்னும் பொருள்படும் தலைப்பில் அந்த அறிக்கை 1985இல் வெளிவந்தது.

அடுத்த ஆண்டு அப்பெண்கள் 'மகிளா மிலன்' ஆயினர். மிலன் என்பதும் தொழிற்பெயரே. பெண்கள் கூடுகை என்று தமிழில் சொல்லலாம். அதன் அன்றாட வேலை எளியது. ஒரு பெண் வீடுவீடாகச் சென்று நாள்தோறும் சிறுதொகையைச் சேகரிப்பாள். ஒரு ரூபாயும் ஏற்கப்படும். ஒன்றும் தர இயலாத நாளிலும் அவள் அந்த வாசலில் நிற்பாள். அவசரத்திற்குக் கடன் அதிலிருந்தே வழங்கப்படும். வெளிப்பார்வைக்கு இது சீட்டுதான். முறைமைக் கோட்பாட்டின் பார்வையில் இது செய்தி ஓட்டமும் ஆகும்: யார் வீட்டில் காய்ச்சல், யார் வேலை இழந்தார், எந்தத் தெருவில் அதிகாரி வந்து அளந்து போனார் என்பவை பணத்துடன் சேர்ந்து நாள்தோறும் திரட்டப்பட்டன.

மென்சீஸ் ஆராய்ந்த செவிலியருக்கும் இப்பெண்களுக்கும் உள்ள வேறுபாடு நோக்கத்தக்கது. இரு தரப்பினரும் தாங்கவொண்ணாத அச்சத்தின் அருகே வாழ்ந்தவர்கள். மருத்துவமனை அச்சத்தை மறக்கச் செய்யும் நடைமுறைகளை உண்டாக்கியது. மனிதரை எண்ணாக மாற்றியது. நடைபாதைப் பெண்கள் அச்சத்தின் பெயரைச் சொல்லி, அதனைச் செய்யத்தக்க சிறு வேலைகளாக்கினர். அவர்களும் மனிதரை எண்ணினர். ஆனால் எண்ணப்பட்டவரும் எண்ணியவரும் ஒரே தெருவினர்.

இம்முறை தாராவிக்கு வந்தது. 1985இல் பிரதமர் ராஜீவ் காந்தி பம்பாய்க்கு 100 கோடி ரூபாய் அறிவித்தார். அதில் ஒரு பகுதி தாராவிக்கு ஒதுக்கப்பட்டது. தாராவியில் எத்தனை பேர் என்பதில் அரசின் மதிப்பீடு மிகக் குறைவாக இருந்தது. 1986இல் தேசியக் குடிசைவாழ்வோர் கூட்டமைப்பு மக்களைக் கொண்டே கணக்கெடுத்து, ஏறத்தாழ 80,000 கட்டுமானங்களில் 1,06,000 குடும்பங்களாக 5,30,000 பேர் வாழ்கின்றனர் என்று முன்வைத்தது. குறைந்த எண்ணிக்கையைக் கொண்டு தீட்டும் எந்தத் திட்டமும் எஞ்சியவர்களைத் தெருவில் நிறுத்தும் என்பது அந்த எண்ணின் பொருள்.

1987 அளவில் மூன்று அமைப்புகளும் ஒரு கூட்டணியாயின. மும்பையில் பிறந்த மானிடவியலாளர் அர்ஜுன் அப்பாதுரை இதனை 2001இல் 'ஆழ்ந்த ஜனநாயகம்' என்னும் கட்டுரையில் ஆராய்ந்து, இதன் அரசியலைப் பொறுமையின் அரசியல் என்றார். வகைப்பாட்டின் நோக்கில் இதன் சிறப்பு வேறொன்று. ஸ்பார்க் பதிவு பெற்ற நிறுவனம். அதன் எல்லை வங்கியையும் அமைச்சகத்தையும் நோக்கியது. கூட்டமைப்பின் எல்லை குடியிருப்புக்கும் குடியிருப்புக்கும் இடையில். மகிளா மிலனின் எல்லை வீட்டு வாசல். ஒன்று மற்றதன் கிளையாகவில்லை. ஒன்று தளர்ந்தால் மற்றது தாங்கும்படி அவை தளர்வாகப் பிணைந்திருந்தன. தாராவி ஊர்ச்சங்கம் ஒரே அறையில் செய்ததை இவை மூன்று அறைகளில் செய்தன. கதவுகளை மட்டும் திறந்தே வைத்தன.

7

இக்கதை இங்கே முடிந்தால் அது வாழ்த்துரையாகிவிடும். மும்பை நகர்ப்புறப் போக்குவரத்துத் திட்டம் இந்தக் கூட்டணியை வேறொரு சோதனைக்கு உட்படுத்தியது.

புறநகர் ரயில்பாதைகளை ஒட்டி, தண்டவாளத்திலிருந்து சில அடிகளிலேயே ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வாழ்ந்தன. திட்டத்திற்காக அவர்கள் அகற்றப்பட வேண்டியிருந்தது. ரயில்பாதைக் குடிசைவாழ்வோர் தம் கூட்டமைப்பின் வழியே தம்மைத் தாமே கணக்கெடுத்து, பட்டியலிட்டு, தம் குடிசைகளைத் தாமே பிரித்துக்கொண்டு மாறினர். காவல்துறையின் தடியடி இன்றிச் சுமார் 60,000 பேர் இடம்பெயர்ந்தது உலக அளவில் பேசப்பட்டது. செம்பூரின் வாஷி நாக்காவும் மான்கூர்டும் அத்தகையோரின் புதிய முகவரிகளாயின. 1976இல் ஜனதா காலனி மக்கள் எந்தத் திசையில் தள்ளப்பட்டார்களோ, ஏறத்தாழ அதே திசை.

பின்னர் சாலைப் பணிகள் வந்தன. சாந்தாகுரூஸ்–செம்பூர் இணைப்புச் சாலைக்காக அகற்றப்பட வேண்டியவர்களில் கடைக்காரர் பலர் இருந்தனர். அவர்கள் கூட்டமைப்பில் சேமித்தவர்கள் அல்லர்; கணக்கெடுப்பில் பங்குபெற்றவர்களும் அல்லர். 2004இல் அவர்களது முறையீடுகள் உலக வங்கியின் ஆய்வுக் குழுவை எட்டின. 2005இன் இறுதியில் வந்த அறிக்கை, போதிய நிறுவனத் திறனின்றியே தொண்டு நிறுவனங்களிடம் மிகப்பெரும் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டதைக் குறையாகச் சுட்டியது. 2006 மார்ச்சில் வங்கி, சாலைப் பணிக்கும் மறுகுடியமர்வுக்குமான நிதியைச் சில மாதங்கள் நிறுத்தி வைத்தது.

பெயர், மனிதர், முறை ஆகியவை மாறவில்லை. மாறியது எல்லை. மக்கள் தம்மைத் தாமே எண்ணியபோது கணக்கெடுப்பு அவர்களது குரல். அதே கணக்கெடுப்பு, திட்டத்தின் சார்பில், தம்முடன் சேராதவர்களை எண்ணியபோது, எண்ணப்பட்டவர்கண்ணுக்கு அது அரசின் கை. மகிளா மிலன் வாசலில் நின்று கேட்டது ஒரு கேள்வி. திட்ட அலுவலரின் சார்பில் வாசலில் நிற்பவர் கேட்பது, ஒரே சொற்களில் இருந்தாலும், வேறொரு கேள்வி. அகமதாபாத் தறிக்கூடத்தில் மில்லர் கண்டதன் மறுபதிப்பு இது. அங்கே வெளியழுத்தத்தால் எல்லை தளர்ந்து குழு கரைந்தது. இங்கே ஒப்படைக்கப்பட்ட பணியின் அளவால் எல்லை விரிந்து, உள்ளிருந்தோர் யார், வெளியிருந்தோர் யார் என்பது மங்கியது.

8

ஆகவே ஓர் அமைப்பின் இயக்கத்தை வகைப்படுத்த விரும்பும் ஆய்வாளர் அதன் பதிவுச் சான்றிதழிலிருந்தோ பதவி வரைபடத்திலிருந்தோ தொடங்குவதில் பயன் குறைவு. இவ்வரலாறு இரண்டு கேள்விகளைப் பரிந்துரைக்கிறது. முதலாவது முறைமைக் கோட்பாட்டின் கேள்வி: எல்லை எங்கே, அதனை வரைந்தவர் யார்? இரண்டாவது உளவியலின் கேள்வி: அமைப்பு சுமக்கும் அச்சம் எது, அதனை அது என்ன செய்கிறது? எதிரிமேல் எறிகிறதா, நடைமுறைக்குள் புதைக்கிறதா, செய்யத்தக்க வேலையாக மாற்றுகிறதா?

இவ்விரு கேள்விகளையும் சேர்த்துக் கேட்டால், ஒரே அமைப்பு வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு வகையாகத் தோன்றும். 1970இன் ஜனதா காலனியும் 1986இன் பைகுல்லாவும் 2005இன் இணைப்புச் சாலையும் ஒரே இயக்கத்தின் வரலாறு, மூன்று வகைகள். வகை என்பது அமைப்பின் பிறவிக்குணமன்று. அது ஒரு காலத்தின் நிலை. மாநகராட்சிக்கும் அணு ஆராய்ச்சி மையத்திற்கும் இதே அளவுகோல் பொருந்தும். நோட்டீசு, புகைப்பட அட்டை, தகுதித் தேதி ஆகியவற்றில் எவ்வளவு நிர்வாகம், எவ்வளவு கவசம் என்று அவர்களிடமும் கேட்கலாம். சேரிகளை மட்டும் ஆய்வுக்கு உட்படுத்தி, சேரிகளை எண்ணும் அலுவலகங்களை விட்டுவிடும் வகைப்பாடு பாதி வகைப்பாடே.

இது கல்விசார் நுணுக்கம் மட்டுமன்று. தாராவி மறுசீரமைப்புக்கான ஏலத்தை 2022 நவம்பரில் அதானி குழுமம் வென்றது. 2024 மார்ச்சில் வீடுவீடான கணக்கெடுப்பு தொடங்கியது. 2000 ஜனவரி 1ஆம் தேதிக்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பதற்குச் சான்று உள்ளோர் தாராவியிலேயே இலவச வீட்டுக்குத் தகுதியுடையோர். மற்றவர்களுக்கு வேறு இடங்கள், வேறு நிபந்தனைகள். மாடிப்படியேறி வாழும் குடும்பம் எந்த வகை? வீடாகவும் பட்டறையாகவும் ஒருசேர இயங்கும் அறை எந்த வகை? வேலை, கடன், சாவு, திருவிழா ஆகியவற்றை ஒரே அறையில் நடத்தும் ஊர்ச்சங்கத்துக்கு அந்தப் படிவத்தில் எந்தக் கட்டம்? இவற்றுக்கான விடைகளில் மனிதர் எங்கே உறங்குவர் என்பது தீர்மானமாகும்.

ஜோக்கின் அற்புதம் 2018 அக்டோபரில் மறைந்தார். அவர் திரட்டிய குழந்தைகள் அன்று அலுவலக வாசலில் விட்டுவந்தது குப்பையை மட்டுமன்று. எல்லைக்கு இந்தப் பக்கம் வாழ்வோரும் எண்ணத் தெரிந்தவர்கள், பகுத்துக்கொள்ளத் தெரிந்தவர்கள், கூடத் தெரிந்தவர்கள் என்னும் செய்தியும் அந்தப் பொட்டலங்களில் இருந்தது. அந்தக் கூட்டத்தைக் கும்பல் என்று படிப்பதா, அவை என்று படிப்பதா என்பது இன்றும் எண்ணுகோல் கையில் உள்ளவர் முன்னே நிற்கும் கேள்வி.